இணையக் கடைகளும் கிராமத்துக் கடைகளும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இந்நாட்டில் வழங்கும் பழமொழி. விளைச்சலைப் பெருக்குவதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும் தாம் வாங்கும் சாமான்களின் விலையிலும் தரத்திலும் குடியானவர் காட்டுவாரானால், அந்த உழக்கு மிஞ்சுவதற்கு இடமுண்டு. விதை, மருந்து, கருவி, துணிமணி, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் என வருஷம் முழுவதும் அவர் வாங்கும் பொருள்களில் ஒரு பகுதி, இப்பொழுது அவர் கடைத்தெருவுக்குப் போகாமலே, கைபேசியின் மூலம் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது. இம்மாறுதலால் வாங்குவோர் அடையும் லாபம் யாது, ஊர்க் கடைக்காரருக்கு நேரும் நஷ்டம் யாது, நிலச்சொந்தக்காரர் எவற்றில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பவை ஆராயத்தக்கவை.

அஞ்சுகிராமத்தின் நிலை

அஞ்சுகிராமம், கன்னியாகுமரி மாவட்டத்தின் கீழைக் கோடியில், அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்த பேரூர். அதற்கு அப்பால் திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் தாலுகா தொடங்குகிறது. ஒரு புறம் நாஞ்சில் நாட்டு நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும். மறு புறம் பனையும் புன்செய்யும் நிறைந்த பூமி. கூடங்குளம் அணுமின் நிலையத்து ஊழியர்கள் வசிக்கும் அணுவிஜய் நகரியமும் அருகே செட்டிகுளத்தில் இருக்கிறது. ஆகவே, மாதச் சம்பளம் பெறும் குடும்பங்களும், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக அறுவடையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களும், அன்றாடக் கூலியில் ஜீவிக்கும் குடும்பங்களும் இச்சுற்று வட்டாரத்தில் கலந்து வாழுகின்றன. ரொக்கம் கொடுப்போரும் கடன் சொல்வோரும் அடுத்தடுத்து நின்று சாமான் வாங்கும் இத்தகைய ஊர்களில்தான் இணையக் கடையின் பலாபலன்களைத் தெளிவாகக் காணக்கூடும்.

முற்கால அநுபவம்

தூரதேசத்து வியாபாரியிடமிருந்து வீட்டிலிருந்தபடியே சரக்குத் தருவிப்பது முற்றிலும் புதிய வழக்கமன்று. இந்தியத் தபால் இலாகா 1877-ஆம் வருஷத்தில் வி.பி.பி. முறையை ஏற்படுத்திற்று. பார்சல் கைக்கு வரும்போது தபால்காரரிடம் பணத்தைச் செலுத்தினால் போதும். அத்தொகை விற்றவருக்குப் போய்ச் சேரும். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு முன்னர் திருவிதாங்கூர்ப் பகுதியாயிருந்தது. திருவிதாங்கூரில் 'அஞ்சல்' என்ற பெயரால் சொந்தத் தபால் ஏற்பாடு ஒன்று 1951 வரையில் நடந்து வந்தது. பொருளைக் கண்ணால் பாராமல், அறிவிப்பை மாத்திரம் நம்பி வாங்குவதில் உள்ள நன்மையும் சங்கடமும் அக்காலத்தவர் அறிந்தவையே.

இவ்விஷயத்தில் அமெரிக்க நாட்டுக் குடியானவரின் அநுபவம் பெரிதும் கவனிக்கத்தக்கது. 1872-ல் சிக்காகோ நகரத்தில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே தாளில் விலைப்பட்டி அச்சிட்டு, கிராமவாசிகளுக்கு நேரே சரக்கு அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கினார். கிரேஞ்ச் என்னும் விவசாயிகள் சங்கத்தினரே அவருடைய முதல் வாடிக்கைக்காரர்கள். பின்னர் சியர்ஸ் கம்பெனியின் பெரும் விலைப்பட்டி நூல் வீடுதோறும் இடம் பெற்றது. 1913 ஜனவரி 1-ந் தேதி அந்நாட்டுத் தபால் இலாகா பார்சல் போக்குவரவைத் தொடங்கியபோது கிராமத்து வியாபாரிகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும், விலை தெரியாமல் கிராமத்துக் கடையில் ஏமாந்து வந்த குடியானவருக்கு நகரத்து விலை தெரியவந்தது பெரிய அநுகூலமாகவே முடிந்தது. சியர்ஸின் அந்த விலைப்பட்டி நூல் 1993-ல் நின்றுபோயிற்று. அடுத்த வருஷமே அமெரிக்காவில் அமேசான் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. முறை மாறினாலும், தூரத்து வியாபாரியின் மலிவான விலையும் பக்கத்து வியாபாரியின் உபகாரமும் தம்முள் போட்டியிடும் நிலை மாறவில்லை.

இணையக் கடை நடைபெறும் விதம்

இந்தியாவில் பிளிப்கார்ட் கம்பெனி 2007-ல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிற்று. சரக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வசதியை 2010-ல் அது ஏற்படுத்தியதால், முன்பணம் அனுப்ப அஞ்சியவர்களும் வாங்கத் துணிந்தார்கள். அமேசான் 2013 ஜூனில் இந்நாட்டில் கடை திறந்தது. 2016-ல் யு.பி.ஐ. என்னும் பணமாற்று முறை வந்தது. அதே வருஷத்தில் கைபேசி இணைய வசதியின் கட்டணமும் வெகுவாய்க் குறைந்தது. இவ்விரண்டும் சேர்ந்து கிராமங்களையும் இவ்வியாபாரத்திற்குள் இழுத்து வந்தன.

அந்நிய மூலதனம் பெற்ற பெரிய இணையக் கடைகள், மத்திய அரசாங்கத்தின் விதிப்படி, இந்நாட்டு மக்களுக்குத் தம் சொந்தச் சரக்கைச் சில்லறையாக விற்றல் கூடாது. பல வியாபாரிகள் வந்து விற்பதற்கு இடங்கொடுக்கும் சந்தையாக மட்டுமே அவை இருக்கலாம். 2019 பிப்ரவரி 1 முதல் இவ்விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. இதைப் பலர் அறியார். திரையில் காணும் பெரிய பெயர் சந்தையின் பெயரே. சரக்கை விற்பவர் வேறொருவர். பார்சலில் பழுது இருந்தால் முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் அந்த விற்பனையாளர். ஆகவே, அவருடைய பெயரையும் விலாசத்தையும் பார்த்த பின்னரே பணம் செலுத்துதல் முறை.

சந்தையை நடத்தும் கம்பெனிக்கு விற்பனையாளரிடமிருந்து தரகும், சரக்கனுப்பும் கூலியும், விளம்பரக் கட்டணமும் கிடைக்கின்றன. விளம்பரத்திற்குப் பணம் கொடுத்தவருடைய பொருள் திரையில் முன்னே தோன்றுவதும் உண்டு. முதலில் தோன்றுவதே நயமான சரக்கு என்று எண்ணுவது, சந்தை வாசலில் கூவுகிறவனுடைய கத்தரிக்காயே நல்லதென்று எண்ணுவதை ஒக்கும்.

வாங்குவோர் அடையும் அநுகூலங்கள்

இணையக் கடையால் நேரும் முதல் நன்மை, விலை வெளிப்படையாகத் தெரிதல். நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி நான்கு கடைகள் விசாரித்து அறிய வேண்டிய விலையை வீட்டுத் திண்ணையிலேயே அறியலாம். வாங்காதவருக்கும் இது பயன்படும். ஊர்க் கடையில் பேரம் பேசுவதற்கு அதுவே துணை. இரண்டாவது, ஊரில் கிடைக்காத பொருள் கிடைத்தல். பழைய பம்புசெட்டின் உதிரி பாகம், சொட்டுநீர்க் குழாயின் சிறு இணைப்பு, மரவேலைக் கருவி முதலியவற்றுக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்து அலைய வேண்டியதில்லை. மூன்றாவது, வெளியே செல்ல இயலாத முதியோருக்கும் வீட்டுப் பெண்டிருக்கும் தம் விருப்பப்படி பொருளைத் தெரிந்தெடுக்கும் வசதி.

சரக்கனுப்பும் செலவு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அளவாக இராது. எடை குறைவாயும் மதிப்பு அதிகமாயும் உள்ள கைபேசி, கடிகாரம், துணி முதலியவை தூரத்திலிருந்து வந்தாலும் மலிவாகவே வரும். எருவும் புண்ணாக்கும் சிமெண்டும் அவ்வாறு வரமாட்டா. ஆகவே, இலகுவான சாமான் விற்போருக்கே இப்போட்டியின் முதல் அடி விழுகிறது. பளுவான சரக்கும் அழுகும் பண்டமும் விற்போருக்கு இன்னும் ஓரளவு காப்பு இருக்கிறது.

விலையில் அடங்காத செலவுகள்

மலிவு என்று கண்டவுடன் லாபம் என்று முடிவு செய்தல் தவறு. உதாரணமாக, ஒரு மருந்து தெளிப்பான் ஊர்க் கடையில் ரூ. 2,500-க்கும் இணையக் கடையில் ரூ. 2,100-க்கும் கிடைப்பதாகக் கொள்க. வாங்கும் அன்று ரூ. 400 மிச்சம். கும்பப்பூப் பயிரில் புழு விழுந்து மருந்தடிக்க ஆள் வந்து நிற்கும் காலையில் தெளிப்பானின் வால்வு பழுதாகிறது. திருப்பி அனுப்பும் கெடு கழிந்துவிட்டது. அதற்கேற்ற வால்வு ஊரில் இல்லை. வந்த ஆட்கள் இருவருக்கும் அரை நாள் கூலி கொடுத்தனுப்பினால், மிச்சம் பிடித்த ரூ. 400 போய்விடும், மருந்தடிப்பது நான்கு நாள் தள்ளிப்போனால் பயிரில் நேரும் சேதம் அதற்கு மேல். பழுது நேர்ந்தால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய கருவிகளை, பழுதுபார்ப்பவர் அருகில் உள்ள கடையில் வாங்குதலே சிக்கனம். பழுதானாலும் ஒரு வாரம் காத்திருக்கக் கூடிய சாமான்களை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம்.

கடனுக்கும் ஒரு விலை உண்டு. ரூ. 10,000 பெறுமான சாமானை ஊர்க் கடைக்காரர் அறுவடை வரையில் நான்கு மாதம் கடனாகக் கொடுத்து, ரூ. 10,600 கணக்கெழுதுவதாக வைத்துக்கொண்டால், அது நூற்றுக்கு வருஷம் 18 வட்டிக்குச் சமம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனைக் கெடு தவறாமல் செலுத்தும் விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. பட்டாவும் சங்க அங்கத்தினர் உரிமையும் உள்ளவர், பயிர்ச் செலவுக்குச் சங்கத்தில் கடன் பெற்று, சாமானை ரொக்கத்திற்கு வாங்குதலே விவேகம். அந்த ரொக்கத்தை எங்கே செலவிடுவது என்பது அடுத்த கேள்வி.

ரொக்கம் போனபின் கடைக்கு நேரும் கதி

சிறு பலசரக்குக் கடை ஒன்றின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அதில் இருவகை வாடிக்கைக்காரர் இருப்பர். ஒரு வகையார் உடனே பணம் கொடுப்பவர். மற்றொரு வகையார் வாரக் கூலி வந்ததும், அல்லது அறுவடை முடிந்ததும் கொடுப்பவர். முதல் வகையாரிடம் வரும் ரொக்கத்தைக் கொண்டே கடைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பணம் செலுத்திப் புதுச் சரக்கு எடுக்கிறார். அதனால்தான் இரண்டாம் வகையாருக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடனாகக் கொடுக்க அவருக்கு இயலுகிறது.

இணையக் கடை முதலில் இழுத்துக்கொள்வது ரொக்க வாடிக்கைக்காரர்களை. சம்பளக்காரரும் வசதியுள்ள நிலச்சொந்தக்காரரும் தம் ரொக்க வியாபாரத்தை அங்கே மாற்றிவிட்டால், ஊர்க் கடையில் எஞ்சுவது கடன் கணக்கு மாத்திரமே. ரொக்கம் வராத கடையில் சரக்குக் குறையும்; சரக்குக் குறைந்தால் இருக்கும் வாடிக்கையும் குறையும்; பிறகு கடனை நிறுத்துவதோ கடையையே மூடுவதோ தவிர வேறு வழியிராது. நாற்று நடவும் களை பறிக்கவும் தேங்காய் வெட்டவும் வரும் கூலியாட்கள், மழைக்காலத்தில் வேலையில்லாத நாட்களைக் கழிப்பது அந்தக் கடையின் கடனால்தான். அது நின்றால் அவர்கள் நிலச்சொந்தக்காரரிடம் முன்பணம் கேட்பர். கிடையாவிட்டால் கந்துவட்டிக்காரரிடம் போவர். தாம் ரூ. 400 மிச்சம் பிடித்ததாக நினைக்கும் மிராசுதாரர், அதே தொகையை வேறு வழியில் தம் ஆட்களுக்காகச் செலவிட நேரலாம். இதுவே இவ்விஷயத்தில் நிலமுடையோர் முக்கியமாக யோசிக்கத்தக்கது.

ஆயினும், ஊர்க் கடைக்காரர் பக்கத்தில் குற்றமே இல்லை என்பதற்கில்லை. ரசீது கொடாமை, காலாவதியான மருந்தைத் தள்ளிவிடுதல், கடன்பட்டவரிடம் விலையைக் கூட்டிப் போடுதல், கேட்ட விதையை விட்டுத் தமக்குத் தரகு அதிகமாகக் கிடைக்கும் விதையைக் கொடுத்தல் ஆகிய வழக்கங்கள் உள்ள கடையை வாடிக்கைக்காரர் விட்டு விலகுவது நியாயமே. தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் ஆண்டுதோறும் மே 5-ந் தேதி வணிகர் தினம் கொண்டாடுகின்றன. இணைய வியாபாரத்திற்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று கோரியும் வருகின்றன. டில்லி வியாபாரிகளின் புகாரின்பேரில், பெரிய இணையக் கடைகள் சில விற்பனையாளருக்கு மாத்திரம் சலுகை காட்டுகின்றனவா என்று விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அரசாங்கத்தின் கட்டுப்பாடு ஒருபுறமிருக்க, விலைப் பலகை, ரசீது, உதிரி பாகங்களின் இருப்பு, தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பும் வசதி ஆகிய நான்கையும் ஏற்படுத்திய கடைக்கு வாடிக்கை நிலைப்பது எளிது.

விதை, உரம், மருந்து

விவசாய இடுபொருள்களைப் பொறுத்தவரை தனி எச்சரிக்கை வேண்டும். 2022 நவம்பரில் மத்திய அரசாங்கம் பூச்சிமருந்து விதிகளைத் திருத்தி, லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் இணையக் கடைகளின் மூலமாகவும் மருந்து விற்கலாமென்று அனுமதித்தது. விற்பவரின் லைசென்ஸைச் சரிபார்க்கும் பொறுப்பு இணையக் கடைக்கு உண்டு. மருந்து வந்ததும் மூடி முத்திரை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பார்த்து, அவற்றைப் புகைப்படமாக எடுத்து வைத்தல் வேண்டும்.

விதை விற்பதற்கும் 1983-ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி லைசென்ஸ் அவசியம். சான்று பெற்ற விதைக்கு நீல நிறச் சீட்டும், ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டும் இருக்கும். சீட்டில்லாத பொட்டலத்தில் அழகிய படம் அச்சிட்டு வரும் காய்கறி விதைகளை நம்பிப் பாத்தி முழுவதும் விதைத்தல் கூடாது. ஈரத் துணியில் நூறு விதையை முளைகட்டிப் பார்த்த பின்னரே விதைத்தல் நன்று. மானிய விலையில் வரும் யூரியா முதலிய உரங்கள் அநுமதி பெற்ற கடைகளில், விற்பனைக் கருவியில் ஆதார் பதிந்து விற்கப்படுபவை. அவற்றை மலிவாக அனுப்புவதாக எவரேனும் கைபேசியில் செய்தி விடுத்தால், அதை மோசடி என்றே கொள்க.

பழுது நேர்ந்தால் பரிகாரம்

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 ஜூலை 23-ந் தேதி வெளியான இணைய வாணிப விதிகளும் வாங்குவோருக்குப் பல உரிமைகளை அளிக்கின்றன. ஒவ்வொரு இணையக் கடையிலும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் அதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் பரிகாரம் செய்தல் வேண்டும். அதனால் பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அஞ்சுகிராமத்தார் டில்லிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை, நாகர்கோவிலே போதும். கொடுத்த விலை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்குத் தொடர இரண்டு வருஷம் கெடு உண்டு. விதை வாங்கி ஏமாந்த விவசாயியும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

திரையில் செய்யும் தந்திரங்களும் இப்பொழுது தடுக்கப்பட்டிருக்கின்றன. "இன்னும் இரண்டே பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், கடைசியில் கட்டணத்தைக் கூட்டுதல் முதலிய 13 வகை ஏமாற்றுகளை 2023 நவம்பர் 30-ந் தேதியிட்ட மத்திய அரசாங்க வழிகாட்டு விதிகள் விலக்கியுள்ளன.

குடியானவர் விற்பவராகும்போது

இதே வழியில் விளைபொருளை விற்கவும் இடமுண்டு. இம்மாவட்டத்து ஈத்தாமொழி நெட்டைத் தேங்காயும் கன்னியாகுமரி மட்டி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. மட்டி வாழை 2023-ல் அதைப் பெற்றது. இத்தகைய பெயருள்ள பொருளுக்கு வெளியூரில் விலை உண்டு. ஆனால், பழுக்கும் வாழைக்குலையைவிட அதிலிருந்து செய்த உப்பேரியும், இளநீரைவிடத் தேங்காயெண்ணெயும், பதநீரைவிடக் கருப்பட்டியுமே பார்சலுக்கு ஏற்றவை. உணவுப் பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுதல் அவசியம். ராஜ்யத்திற்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர் ஜி.எஸ்.டி. பதிவில்லாமலே இணையச் சந்தையில் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வசதி செய்யப்பட்டிருக்கிறது. தரகு, பெட்டி, அனுப்புகூலி, திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் ஆகிய நான்கையும் கழித்துக் கையில் நிற்கும் தொகையை வடசேரி சந்தையில் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட்ட பின்னரே இதில் இறங்குதல் வேண்டும். தனியொருவர் செய்வதைவிட, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி மூலம் பலர் சேர்ந்து செய்தால் தரமும் அளவும் ஒரே சீராக இருக்கும்.

அநுசரிக்கத்தக்க யோசனைகள்

1. சாமான் வாங்குமுன் இணைய விலையையும் ஊர் விலையையும் விசாரித்து, வித்தியாசத்தை ஊர்க் கடைக்காரரிடம் மனம் விட்டுச் சொல்லுதல். பலர் ஓரளவு குறைப்பர்.

2. உடனே பழுது பார்க்க வேண்டிய கருவி, பயிர் மருந்து, விதை ஆகியவற்றை, கூடியவரையில் நேரில் பொறுப்பேற்கும் கடையிலேயே ரசீதுடன் வாங்குதல்.

3. இணையத்தில் வாங்கும்போது விற்பனையாளர் பெயர், திருப்பி அனுப்பும் கெடு, உத்தரவாதம் ஆகிய மூன்றையும் படித்தல். பார்சலைப் பிரிப்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்தல்.

4. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதிருத்தல். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் மோசம் போனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல்.

5. வீட்டுப் பலசரக்கில் மாதந்தோறும் ஒரு பங்கையேனும் ஊர்க் கடையில் ரொக்கத்திற்கு வாங்குதல்.

6. கிராம அதிகாரிகள் 1915, 1930 என்னும் இரண்டு எண்களையும் பொதுவிடங்களில் எழுதி வைத்தல். எழுதப் படிக்க அறியாதவர் புகார் கொடுக்க உதவுதல்.

7. கூட்டுறவுச் சங்கத்தார் அங்கத்தினரின் தேவையை விதைப்புக்கு முன்னரே திரட்டி, மொத்தமாக வாங்கிக் கொடுத்தல். பலர் சேர்ந்து வாங்கினால் இணையக் கடையின் மலிவு ஊரிலேயே கிடைக்கக்கூடும்.

வருகிற கும்பப்பூ அறுவடை முடிந்ததும் குடியானவர் தம் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் இட்டுப் பார்ப்பது நலம். ஒன்றில் இணையக் கடையால் மிச்சமான தொகையையும், மற்றொன்றில் அதனால் நேர்ந்த அலைச்சல், பழுது, கூலி நஷ்டம், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவற்றையும் எழுதுக. முதல் பத்தி பெரிதாயிருப்பவர் தம் வழக்கத்தைத் தொடரலாம். இரண்டாவது பெரிதாயிருப்பவர், அடுத்த கன்னிப்பூ விதைப்புக்கு முன், கடைத்தெரு வரையில் ஒருமுறை நடந்து சென்று, தம் ஊர்க் கடைக்காரரோடு விலை பேசிப் பார்ப்பாராக.